முத்திரையும் புள்ளியும்

அமாவாசை இரவில் செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் செல்லும் பேருந்துகளில் நிற்கவும் இடமிராது. அங்காளம்மனின் ஊஞ்சல் உற்சவத்திற்கு இலட்சக்கணக்கானோர் கூடும் இவ்வூர், நிர்வாகக் கணக்கில் ஒரு கிராம ஊராட்சி. வந்தவர்கள் உண்ணவேண்டும், பலருக்கு அவ்வுணவு ஆட்டுக்கறியும் கோழியும்தான். அந்த இறைச்சியைச் சோதித்தவர் யார் என்ற கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு.

சென்னை மாகாணத்தின் 1920ஆம் ஆண்டுச் சட்டங்கள் இரண்டு, ஆட்டுத்தொட்டி அமைப்பதையும் உரிமம் அளிப்பதையும் நகராட்சிகளிடமும் தல ஸ்தாபனங்களிடமும் ஒப்படைத்தன. அறுக்குமுன் உயிருடன் ஒரு பார்வை. அறுத்தபின் ஈரலையும் நுரையீரலையும் பார்த்து, உடலின்மேல் மை முத்திரை. நகரத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த ஊதா முத்திரை நினைவிருக்கும். கிராமங்களுக்கு அது பெரும்பாலும் வந்து சேரவில்லை.

ஆனால் திருவிழாவைச் சட்டம் மறக்கவில்லை. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் என்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியது. யாத்திரிகர்களோடு காலராவும் பயணம் செய்த காலம் அது. கடைகளில் நுழைந்து உணவைச் சோதிக்கவும் கெட்டதைக் கைப்பற்றவும் சுகாதார அலுவலர்களுக்கு அதிகாரம் கிடைத்தது. கூட்டம் கூடும் இடத்தில் உணவே முதல் அபாயம் என்று புரிந்துகொண்ட அச்சட்டத்தை நாம் போதிய அளவு பாராட்டியதில்லை.

அடுத்து வந்த சட்டத்தின் கவலை வேறு. 1950இல் கோயில்களில் உயிர்ப்பலி தடைசெய்யப்பட்டது. அரை நூற்றாண்டு உறங்கிய அச்சட்டத்தை 2003 ஆகஸ்டில் அரசு திடீரென எழுப்பியது. கிராம தெய்வங்களை வழிபடுவோரிடையே எழுந்த எதிர்ப்புக்குப்பின் 2004 பிப்ரவரியில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆறு மாதங்களில் ஆடு எங்கே, எவர் பெயரால் வெட்டப்படுகிறது என்றே விவாதித்தோம். அந்த ஆடு நோயற்றதா என்று கேட்டவர்கள் சொற்பம். (கேட்டிருந்தால் இரு தரப்புக்கும் பதில் சொல்வது கடினமாயிருந்திருக்கும்.)

உறைகளின்மேல் வந்த வண்ணக் குறிகளும் இதே காலத்தவை. அசைவத்திற்கான பழுப்புக் குறி 2000ஆம் ஆண்டிலும் சைவத்திற்கான பச்சைப் புள்ளி அதையடுத்தும் கட்டாயமாயின. உள்ளே இருப்பது எவ்வகை உணவு என்பதை அவை சொல்லும். கெட்டிருக்கிறதா என்பதைச் சொல்லமாட்டா. 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2011 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்தபோது, 1954ஆம் ஆண்டின் கலப்படத் தடைச் சட்டம் மறைந்தது. உணவுச் சோதனை உள்ளாட்சியின் சுகாதார ஆய்வாளரிடமிருந்து மாநிலத்தின் உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் சென்றது.

2001ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகளின்படி ஒரு கால்நடை மருத்துவர் மணிக்குப் பன்னிரண்டு, நாளொன்றுக்குத் தொண்ணூற்றாறு விலங்குகளுக்குமேல் சோதிக்கலாகாது. அதே விதிகளில், நாளொன்றுக்குப் பத்தேனும் அறுக்கப்படும் இடமே இறைச்சிக்கூடம். இரண்டு ஆடுகளை அறுத்துச் சாலையோரம் தொங்கவிடும் மலையனூர்க் கடைக்காரர் அந்த வரையறைக்குள் வருவதேயில்லை. அவரிடம் வாங்குபவர்கள் இன்றும் தொடையை விரலால் அழுத்திப் பார்த்து, நிறம் பார்த்து, முகர்ந்தே வாங்குகிறார்கள்.