பெயர் திரியும்; உறவு நிலைக்கும்

நம் முன்னோரின் பெயரை ஏட்டில் எழுதியவர் யார்? அவர்களா, அல்லது அதைக் காதால் கேட்ட வேறொருவரா? ஜெர்மானிய வழிவந்த அமெரிக்கக் குடும்பங்கள் தம் வேரைத் தேடப் புகுந்தால் முதலில் எதிர்ப்படும் வினா இதுவே.

1727 முதல், பிலடெல்பியா துறைமுகத்தில் வந்திறங்கிய ஜெர்மானிய ஆண்கள் ஆங்கில அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய வேண்டியிருந்தது. கப்பல் தலைவரும் எழுத்தரும் ஆங்கிலச் செவியால் கேட்டதைப் பட்டியலில் எழுதினர். எழுத்தறிந்தோர் ஜெர்மானிய எழுத்தில் கையொப்பமிட்டனர்; அறியாதோர் ஓர் அடையாளக் கோடு மட்டும் இட்டனர். எனவே ஒரே மனிதர் ஒரே நாளில் வெவ்வேறு பெயர் வடிவங்களில் பதிவாகியிருப்பதைக் காணலாம்.

1738-இல் வந்த ஆந்திரேயாஸ் ஹூபரின் வழித்தோன்றலே, 1929 முதல் 1933 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஹெர்பர்ட் ஹூவர். 1749-இல் வந்த ஃபோர்ஷின் என்பாரின் குடும்பப் பெயர் பெர்ஷிங் எனத் திரிந்தது. முதல் உலகப்போரில் ஜெர்மனியை எதிர்த்து ஐரோப்பா சென்ற அமெரிக்கப் படைக்குத் தலைமை தாங்கிய தளபதி அக்குடும்பத்தவரே! அதே போர்க்காலத்தில், ஜெர்மானியர் மீதிருந்த வெறுப்புக்கு அஞ்சி, ஷ்மிட் என்போர் பலர் ஸ்மித் ஆயினர்.

ஒலி திரிந்த பெயர்களைக் கண்டறிய வழியுண்டு. 1918-இல் காப்புரிமை பெற்ற சவுண்டெக்ஸ் முறை, ஒத்து ஒலிக்கும் மெய்யெழுத்துகளுக்கு ஒரே எண்ணைத் தருகிறது. ஹூபர், ஹூவர் ஆகிய இரண்டும் அதில் ஒரே குறியீட்டின்கீழ் அமைகின்றன. ஆனால், பெயரின் பொருளே மொழிபெயர்க்கப்பட்டால் அம்முறை உதவாது. ஷ்னைடர் என்றால் தையற்காரர். அப்பெயர் ஸ்னைடர் ஆனால் தேடிப் பிடிக்கலாம். டெய்லர் ஆகிவிட்டால் என் செய்வது?

இங்கேதான் திருமுழுக்கு ஏடு கைகொடுக்கிறது. 1563-இல் திரெந்து பொதுச்சங்கம், ஞானப்பெற்றோரின் பெயர்களையும் ஏட்டில் பதியுமாறு பணித்தது. ஞான உறவுடையோர் தமக்குள் மணம் செய்யாதபடி காப்பதே அதன் நோக்கம். 1741-இல் பென்சில்வேனியா வந்த இயேசு சபைக் குரு தியோடர் ஷ்னைடரும், கோஷன்ஹாப்பனில் அவ்வாறே ஏடு தொடங்கினார்.

ஒத்த பெயரை மட்டும் நம்பி அயலாரைப் பாட்டனாராக ஏற்றுக்கொள்வோர் உண்டு. அதனால் உண்மைப் பாட்டனார் மறக்கப்படுகிறார். ஆகவே தேர்ந்த ஆய்வாளர் பெயரோடு நிற்பதில்லை. மனைவி யார், ஊர் எது, பிள்ளைகளை ஏந்தி நின்ற ஞானப்பெற்றோர் யாவர் என ஒப்பிடுகிறார். கடலின் இரு கரையிலும் அதே அயலாரும் உறவினரும் உடன் நின்றால், எழுத்து எப்படித் திரிந்திருந்தாலும் மனிதர் அவரே.

தம் பெயரை எழுதத் தெரியாமல் கோடிட்டுச் சென்ற அந்த ஏழை மனிதரை, அவரோடு நின்றவர்களே இன்று அடையாளம் காட்டுகின்றனர். நாமும் எவரோடு நின்றோம் என்பதைக் கொண்டே ஒருநாள் அறியப்படுவோம் அன்றோ?