சூப்பர்மேன் 3: சிரிக்க வைக்கப் போய் சிரிப்பாய்ச் சிரித்த கதை

1978 டிசம்பரில் வந்த முதல் சூப்பர்மேன் படத்தையும், 1983 ஜூனில் வந்த மூன்றாம் பாகத்தையும் போன வாரம் அடுத்தடுத்த இரவுகளில் பார்த்தேன். இரண்டிலும் அதே கிறிஸ்டோபர் ரீவ், அதே நீல உடை, முதுகில் அதே சிவப்புத் துணி. ஆனாலும் மூன்றாவது படம் ஏதோ வேற்றுக் கிரகத்தில் எடுத்தது போல இருந்தது. ஏன் இப்படி ஆனது என்று தேடிப் படித்ததில் கிடைத்த கதைதான் இது.

சூப்பர்மேன் படங்களின் தயாரிப்பாளர்கள் அலெக்சாண்டர் சால்கைண்டும் அவர் மகன் இல்யாவும். இவர்கள் ஏற்கெனவே 'த்ரீ மஸ்கெடியர்ஸ்' எடுத்தவர்கள். ஒரே படம் என்று நடிகர்களை நடிக்க வைத்துவிட்டு, 1973-லும் 1974-லும் இரண்டு படங்களாக வெளியிட்டு வழக்கு வரை போன புண்ணியவான்கள்! அந்தப் படங்களின் இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டர். பீட்டில்ஸ் குழுவை வைத்து 1964-ல் 'எ ஹார்ட் டேஸ் நைட்' எடுத்தவர். நகைச்சுவையில் கைதேர்ந்தவர்.

ஆனால் சூப்பர்மேனை இயக்க வந்தவர் ரிச்சர்ட் டோனர். அவர் கைக்கு வந்த திரைக்கதையில் ஒரே கூத்து. லெக்ஸ் லூதரைத் தேடி வரும் சூப்பர்மேன், வழுக்கைத் தலையைப் பார்த்து ஆள் மாறிப் பிடிக்கிறார். திரும்பிப் பார்த்தால் அது டிவி தொடரில் வரும் துப்பறிவாளர் கோஜாக்! டோனருக்கு இது பிடிக்கவில்லை. டாம் மான்கிவிச்சை அழைத்து வந்து திரைக்கதையைத் திருத்தி எழுத வைத்தார். 'பார்ப்பவனுக்கு நிஜம் என்று தோன்ற வேண்டும்' என்பதுதான் டோனரின் தாரக மந்திரம்.

அதற்காக முதல் படத்தில் காமெடி இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். நிறைய இருக்கிறது. உடை மாற்ற அவசரமாக ஓடும் கிளார்க், போன் பூத்தைத் தேடுகிறார். அங்கே கதவே இல்லாத புதுமாதிரி போன்தான் நிற்கிறது. மேலும் கீழும் பார்த்துவிட்டு வேறு இடம் தேடி ஓடுகிறார். இரண்டே நொடி. அரங்கம் சிரித்து முடிப்பதற்குள், மேலே ஹெலிகாப்டரில் தொங்கும் லோயிஸ் விழத் தொடங்கிவிடுகிறாள். அந்தப் பயம் நிஜம் என்பதால்தான் சிரிப்பும் ருசிக்கிறது.

இரண்டு பாகங்களையும் 1977-ல் சேர்த்தே எடுக்க ஆரம்பித்தார்கள். செலவு, தாமதம் என்று டோனருக்கும் தயாரிப்பாளர்களுக்கும் தகராறு. நடுவில் தூது போக வந்தவர் நம்ம லெஸ்டர். முதல் படம் பெரும் வெற்றி. ஆனாலும் டோனரை நீக்கிவிட்டு, இரண்டாம் பாகத்தை லெஸ்டரை வைத்து முடித்தார்கள்.

மூன்றாம் பாகம் முழுக்க லெஸ்டருடையது. எழுதியவர்கள் யார் தெரியுமா? டோனர் ஒதுக்கிய பழைய திரைக்கதையில் பங்கு பெற்ற டேவிட் நியூமன், லெஸ்லி நியூமன் தம்பதி. வாசல் வழியாகத் துரத்திய கூத்து கொல்லைப்புறமாக வந்துவிட்டது!

கூடவே ரிச்சர்ட் ப்ரையர். அமெரிக்காவின் பெரிய நகைச்சுவைக் கலைஞர். ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சியில் சூப்பர்மேன் படங்கள் பிடிக்கும் என்று இவர் பேச, உடனே படத்துக்குள் இழுத்துப் போட்டார்கள். சம்பளக் கணக்கில் உதிரும் அரை சென்ட்களைச் சேர்த்து 85 ஆயிரம் டாலருக்கு மேல் சுருட்டும் கம்ப்யூட்டர்காரர் வேடம். யோசனை அருமை. 1999-ல் வந்த 'ஆபீஸ் ஸ்பேஸ்' படத்தில்கூட இதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுவார்கள். ஆனால் கதை அவரைச் சுற்றியே ஓட, சூப்பர்மேன் விருந்தாளி ஆகிவிட்டார்.

தொடக்கக் காட்சியிலேயே வித்தியாசம் தெரியும். தெருவில் ஒருவர் மேல் ஒருவர் மோத, போன் பூத்துகள் சீட்டுக்கட்டு போல வரிசையாகச் சாய்கின்றன. முதல் படத்தில் ஒரு பூத்தை வைத்துச் செய்த சிரிப்பை இங்கே வரிசை கட்டிச் செய்கிறார்கள். அதே தெருவில் ஒருவர் தண்ணீர் நிரம்பும் காருக்குள் மூழ்கப் போகிறார். நமக்குப் பயமே வரவில்லை. ஊரே கோமாளித்தனம் என்றால் காப்பாற்ற ஒருவர் எதற்கு?

இந்தப் படத்தின் சிறந்த காட்சி எது என்று கேட்டால், சிரிப்பே இல்லாத காட்சியைத்தான் சொல்வேன். போலி கிரிப்டனைட்டால் கெட்டுப்போன சூப்பர்மேன், தாடியும் குடியுமாக ஒரு பழைய கார் குப்பைமேட்டில் வந்து விழுகிறார். அவருக்குள்ளிருந்து கிளார்க் தனியே பிரிந்து வர, இருவரும் மோதுகிறார்கள். பயந்தாங்கொள்ளி கிளார்க் ஜெயித்துச் சட்டையைத் திறக்கும்போது எனக்குப் புல்லரித்தது. இத்தனைக்கும் அதை எடுத்தவரும் அதே லெஸ்டர்தான்.

அமெரிக்க வசூல் முதல் படத்துக்குச் சுமார் 13.4 கோடி டாலர், இரண்டாவதுக்கு 10.8 கோடி, மூன்றாவதுக்கு 6 கோடி. அடுத்ததாக 1984-ல் 'சூப்பர்கேர்ள்' எடுத்து அதுவும் போணியாகாமல், சால்கைண்ட்கள் படமெடுக்கும் உரிமையை கேனன் நிறுவனத்துக்கு விற்றுவிட்டார்கள்.

ப்ரையர் மேல் பழி போடுவது சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை. அவர் தன் வேலையைத்தான் செய்தார். சூப்பர்மேனை முதலில் நம்பாமல் போனது அவரைத் தயாரித்தவர்கள். இரண்டையும் பார்த்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள்.