கருப்பு ரம்: அடிமண்டியில் பிறந்த சரக்கு

பிளாக்ஸ்ட்ராப் ரம் என்று ஒரு வகை உண்டு. தம்ளரில் ஊற்றினால் மறுபக்கம் தெரியாது, அப்படி ஒரு கருப்பு. மூடியைத் திறந்ததும் வரும் வாசனை மட்டும் தமிழ்நாட்டு மூக்குக்குப் புதிதே அல்ல. கருப்பட்டிப் பாகு காய்ச்சும்போது கொஞ்சம் அடிப்பிடித்தால் ஒரு வாசனை வருமே, அதேதான். முதல் மடக்கில் இனிப்பு, அடுத்த நொடி காபிக்கொட்டையை அதிகமாக வறுத்துவிட்ட கசப்பு, கடைசியில் அதிமதுரத்தைச் சப்பியது போல நாக்கில் நிற்கும் ஒரு பின்சுவை.

இந்த நிறத்தைப் பார்த்து, பல வருடம் பீப்பாயில் கிடந்த பழைய சரக்கு என்று நினைப்பவர்கள் ஏராளம். அது சரியல்ல. வடித்தெடுத்த எந்த மதுவும் முதலில் தண்ணீர் போல நிறமில்லாமல்தான் இருக்கும். ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் வைத்தால் தேன் நிறம் வரும், மிஞ்சிப்போனால் பழுப்பு. மைக்கருப்பு வராது. அது சர்க்கரையைக் கருக்கிச் செய்த நிறமியைச் சேர்ப்பதால் வருவது. சில தயாரிப்புகளில் கழிவுப்பாகையே கொஞ்சம் கலப்பதும் உண்டு. ஆக, பாட்டிலின் கருப்பை வைத்து வயதைக் கணக்கிட முடியாது. ஆனால் அந்தச் சுவை எங்கே பிறந்தது என்று தேடிப் போனால் ஒரு பெரிய கதை கிடைக்கிறது.

கரும்புச் சாற்றைக் காய்ச்சி, சர்க்கரைப் பரல்களைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் பாகுதான் மொலாசஸ். முதல் காய்ச்சலில் மிஞ்சுவது இளநிறம், நல்ல இனிப்பு. இரண்டாவதில் நிறமும் கசப்பும் ஏறும். மூன்றாவது முறையும் காய்ச்சிப் பரல் எடுத்தபின் அடியில் நிற்கும் தார் போன்ற மண்டிக்குத்தான் பிளாக்ஸ்ட்ராப் என்று பெயர். வேடிக்கை என்னவென்றால், அதில் இன்னமும் ஏறக்குறைய பாதி சர்க்கரைதான். ஆனால் இனிப் பரலாக வராது. ஆலைக்காரனுக்கு அது கழிவு. (பிளாக்ஸ்ட்ராப்பில் இரும்புச்சத்து இருப்பது உண்மை. அதனால் ரம்மிலும் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு குடிப்பவர்கள் கவனிக்க: வடிக்கும்போது இரும்பு ஆவியாகி மேலே வருவதில்லை, அடியிலேயே தங்கிவிடும்!)

இந்தக் கழிவு முதன்முதலில் பெரும் தலைவலியான இடங்களில் ஒன்று பார்படோஸ் தீவு. 1640களில் ஆங்கிலேயர்கள் அங்கே புகையிலையை விட்டுக் கரும்புக்கு மாறினார்கள். காய்ச்சிய பாகைக் கூம்பு வடிவ அச்சுகளில் ஊற்றி வைப்பார்கள். அடியில் ஒரு ஓட்டை இருக்கும். சர்க்கரை இறுகும்போது கருப்புப் பாகு அதன் வழியாகச் சொட்டிக்கொண்டே இருக்கும். ஆட்டுக்கும் மாட்டுக்கும் கொடுத்தார்கள், ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவந்த அடிமைகளுக்கு அளந்து ஊற்றினார்கள், அப்படியும் மிஞ்சியது. அதில் தண்ணீரும், கொப்பரையில் திரண்டு வந்த நுரையும் கலந்து ஊறல் போட்டால் தானாகவே பொங்கும் என்பது தெரிந்ததும் பிரச்சினை தீர்ந்தது. குப்பை காசாயிற்று.

1647 முதல் 1650 வரை அந்தத் தீவில் இருந்த ரிச்சர்ட் லைகன் என்ற ஆங்கிலேயர் 1657இல் பார்படோஸ் வரலாறு ஒன்றை வெளியிட்டார். அன்றைய ரம்மை 'பிசாசுக்கொல்லி' என்ற பொருள்படும் பெயரால் அவர் குறிப்பிடுகிறார். சுவை பற்றி அவருக்கு நல்ல அபிப்பிராயம் கிடையாது. அந்தப் புத்தகத்தில் ஒரு சம்பவம் வருகிறது. ஒரு இரவு, வடிசாலையிலிருந்து ரம் ஜாடியைத் தூக்கிக்கொண்டு வருகிறார் ஓர் அடிமை. அது எப்படித் தீப்பிடிக்கும் என்பது அவருக்குத் தெரியாது. மெழுகுவர்த்தியைக் கொஞ்சம் பக்கத்தில் கொண்டுபோய்விட்டார். ஆவி பற்றிக்கொண்டது, அவர் உடல் கருகி இறந்துபோனார். நல்ல வேலைக்காரன் ஒருவனை இழந்துவிட்டோம் என்பது லைகனின் வருத்தம். இறந்தவரின் பெயர் புத்தகத்தில் கிடையாது.

ஆலையிலும் அதே கதிதான். அறுவடைக் காலத்தில் கொப்பரைகள் இரவு பகலாகக் கொதிக்கும். தூக்கக் கலக்கத்தில் கரும்பு பிழியும் உருளைகளுக்குள் கை மாட்டிக்கொண்டால் உடனே வெட்டி எடுப்பதற்காக அருகிலேயே ஒரு கோடாரி வைத்திருப்பார்கள் என்று பல தீவுகளைப் பற்றி எழுதியவர்கள் குறிப்பிட்டிருக்கிறார்கள்.

மொலாசஸ் பிறகு கப்பலேறி வட அமெரிக்காவுக்குப் போனது. பிரான்ஸ் தன் பிராந்தியைக் காப்பாற்றுவதற்காகத் தன் தீவுகளின் ரம்மைத் தாய்நாட்டுக்குள் விடவில்லை. அதனால் பிரெஞ்சுத் தீவுகளில் மொலாசஸ் அடிமாட்டு விலைக்குக் கிடைத்தது. பாஸ்டனிலும் நியூபோர்ட்டிலும் இருந்த வியாபாரிகள் அதை வாங்கிக் குவித்து ரம் வடித்தார்கள். ரோட் ஐலண்ட் கப்பல்கள் அந்த ரம்மை மேற்கு ஆப்பிரிக்கக் கரைக்குக் கொண்டுபோய், அதைக் கொடுத்து மனிதர்களை வாங்கின. அவர்கள் மறுபடியும் கரும்புத் தோட்டத்துக்கு. வட்டம் முழுமை. 1733இல் பிரிட்டன் அந்நிய மொலாசஸுக்கு காலனுக்கு 6 பென்ஸ் வரி போட்டது. ஒருவரும் மதிக்கவில்லை, கடத்தினார்கள். 1764இல் வரியை 3 பென்ஸாகக் குறைத்து, ஆனால் ஒழுங்காக வசூலிக்கத் தொடங்கியபோதுதான் கொதித்தெழுந்தார்கள். அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதியான ஜான் ஆடம்ஸே தன் முதுமையில், அமெரிக்க சுதந்திரத்துக்கு மொலாசஸும் ஒரு காரணம் என்று எழுதினார். தேயிலையைக் கடலில் கொட்டிய கதையைப் பள்ளிப் புத்தகத்தில் எல்லாரும் படிக்கிறோம். மொலாசஸுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

கருப்பு ரம்முக்கு உலகப் புகழ் வாங்கிக் கொடுத்தது பிரிட்டிஷ் கடற்படை. 1655இல் வில்லியம் பென் தலைமையிலான கப்பல்கள் ஜமைக்காவைப் பிடித்ததிலிருந்து மாலுமிகளுக்கு ரம் கொடுக்கும் வழக்கம் ஆரம்பித்தது. 1740இல் அட்மிரல் எட்வர்ட் வெர்னன், நேராகக் கொடுத்தால் ஆட்கள் நிற்கவே மாட்டார்கள் என்று தண்ணீர் கலக்க உத்தரவிட்டார். இந்தப் படி 1970 ஜூலை 31 அன்றுதான் நின்றது. கடற்படை ரம் கலவையில் முக்கிய இடம் பிடித்தது டெமராரா ரம். அதாவது இன்றைய கயானா.

கயானா என்றதும் கதை தமிழர்கள் பக்கம் திரும்புகிறது. 1834இல் பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறையை ஒழிக்கும் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 1838இல் கறுப்பின மக்கள் முழு விடுதலை பெற்றார்கள். அதே 1838இல் கல்கத்தாவிலிருந்து முதல் ஒப்பந்தக் கூலிகள் டெமராராவில் இறக்கப்பட்டார்கள். 1917 வரை சுமார் 2,39,000 இந்தியர்கள் போனார்கள். பெரும்பாலோர் வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்கள் சுமார் 15,000 பேர். 'மதராசி' என்று அங்கே அழைக்கப்பட்ட இவர்களில் தமிழர்கள் கணிசம். அவர்கள் கொண்டுபோன மாரியம்மன் இன்றும் அங்கே 'காளி மாய்' கோயில்களில் இருக்கிறாள். கூடவே மதுரை வீரனும். காவல் தெய்வங்களுக்கு இங்கே சாராயமும் சுருட்டும் படைப்பது போல, அங்கே ரம் படைக்கிறார்கள். சாமிக்கு எந்தச் சரக்கு என்பதை அந்த ஊர்க் கரும்பு முடிவு செய்துவிட்டது.

கயானாவில் மரத்தால் செய்த பழைய வடிகலன்கள் இரண்டு ரம் ரசிகர்களிடையே மிகப் பிரபலம். ஒன்றின் பெயர் போர்ட் மூரான்ட், இன்னொன்று என்மோர். இரண்டுமே கரும்புத் தோட்டங்களின் பெயர்கள். வடிகலன்கள் இப்போது டயமண்ட் வடிசாலையில் இருக்கின்றன. அந்த மரத்துக்குள் ஊறி வரும் ஆவி ரம்முக்குக் கனம் சேர்க்கிறது என்று பக்கம் பக்கமாக எழுதுவார்கள். போர்ட் மூரான்ட்டில் வேறு சிலவும் விளைந்தன. ரோஹன் கன்ஹாய் அந்த ஊர்தான் (சுனில் கவாஸ்கர் தன் மகனுக்கு ரோஹன் என்று பெயர் வைத்தது இவரை நினைத்துத்தான்). பின்னாளில் நாட்டின் ஜனாதிபதியான செட்டி ஜெகன் 1918இல் பிறந்ததும் அங்கேதான், கரும்புத் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தில்.

என்மோர் பெயருக்கு இன்னொரு நினைவு உண்டு. அதுவரை கரும்பை வெட்டிப் போட்டால் போதும். வெட்டியவர்களே அதைத் தூக்கிப் படகிலும் ஏற்ற வேண்டும் என்று முறை மாறியதை எதிர்த்து 1948இல் வேலைநிறுத்தம் நடந்தது. ஜூன் 16 அன்று போலீஸ் சுட்டதில் ஐந்து தொழிலாளர்கள் இறந்தார்கள். ஐவரும் இந்திய வம்சாவளியினர். கயானாவில் இன்றும் ஒவ்வொரு ஜூன் 16ஆம் தேதியும் என்மோர் தியாகிகள் தினம். ரம் பாட்டில் லேபிளில் என்மோர் என்றால் ஒரு மர வடிகலன், அவ்வளவுதான்.

பிளாக்ஸ்ட்ராப் என்ற பெயரையே லேபிளில் போட்டு விற்பவர்களில் பிரபலமானது குரூசன். இது செயின்ட் குரோய் தீவின் சரக்கு. அந்தத் தீவு டென்மார்க்கிடம் இருந்தது. 1848இல் அடிமைமுறை ஒழிந்தும் கூலி ஒப்பந்தங்கள் கழுத்தை நெரித்ததால் 1878இல் தொழிலாளர்கள் தோட்டங்களுக்குத் தீவைத்தார்கள். தலைமை தாங்கியவர்களில் பெண்கள் இருந்தார்கள். 'குயின் மேரி' என்று மக்கள் அழைத்த மேரி தாமஸ் அவர்களில் ஒருவர். 1917இல் தீவை அமெரிக்கா விலைக்கு வாங்கியது. 1960களில் அங்கே சர்க்கரைத் தொழிலே நின்றுபோனது. வெளியிலிருந்து வாங்கும் மொலாசஸில்தான் இன்று ரம் வடிக்கிறார்கள்.

சரி, இதை எப்படிப் பயன்படுத்துவது? தனியாகக் குடிக்க உகந்ததல்ல; இரண்டாவது மடக்கிலேயே திகட்டிவிடும். புதினா போட்ட மொஹிட்டோ மாதிரி இலேசான கலவைகளில் ஊற்றினால் புதினா செத்துவிடும், பார்க்கவும் சாக்கடை போல இருக்கும். இதற்கு எதிரில் நின்று சண்டை போடக்கூடிய சுவை வேண்டும். இஞ்சி அப்படி ஒன்று. காரமான ஜிஞ்சர் பீர், எலுமிச்சை, மேலே கொஞ்சம் கருப்பு ரம். பெர்முடாக்காரர்கள் தங்கள் ஊர் ரம்மை வைத்துச் செய்யும் கலவை இந்த வகை. பார்படோஸில் எலுமிச்சை, கிராம்பு, இஞ்சி சேர்ந்த ஃபலெர்னம் என்ற பாகுடன் ரம் கலந்து 'கார்ன் அண்ட் ஆயில்' என்பார்கள். பிளாக்ஸ்ட்ராப் ஊற்றினால் அது எண்ணெய் போல மேலே மிதக்கும்.

ஆனால் இதற்கென்றே பிறந்தது போல அமைந்தது ஜங்கிள் பேர்ட். 1970களில் கோலாலம்பூர் ஹில்டன் ஓட்டலில் உருவானது. அப்போது ஏதோ ஒரு கருப்பு ரம்தான். நியூயார்க் பார்களில் பின்னர் பிளாக்ஸ்ட்ராப் போட்டுப் பார்த்தார்கள், ஒட்டிக்கொண்டது. ரம் 45 மில்லி, கசப்பான கம்பாரி 22 மில்லி, அன்னாசிச் சாறு 45 மில்லி, எலுமிச்சைச் சாறும் சர்க்கரைப் பாகும் 15 மில்லி வீதம், பனிக்கட்டி போட்டு நன்றாகக் குலுக்க வேண்டும். கம்பாரியின் கசப்பும் ரம்மின் கசப்பும் மோதிக்கொள்ளும்போது அன்னாசி நடுவில் புகுந்து சமாதானம் செய்துவைக்கும்.

குடிக்காதவர்களுக்கு இருக்கவே இருக்கிறது கேக். கயானாவில் கிறிஸ்துமஸ் என்றால் கருப்பு கேக். இந்து வீடுகளிலும்தான். உலர்ந்த திராட்சை, செர்ரி எல்லாவற்றையும் அரைத்து மாதக்கணக்கில் ரம்மில் ஊறப்போடுவார்கள். மாவு கலக்கும்போது சர்க்கரையை வாணலியில் கருப்பாகும்வரை கருக்கிச் சேர்ப்பார்கள், பாட்டிலுக்குள் செய்யும் அதே வித்தை. வெந்து அடுப்பிலிருந்து இறக்கியதும், சூடு ஆறுவதற்குள் மேலே இன்னும் கொஞ்சம் ரம் ஊற்றி மூடி வைத்துவிடுவார்கள்.