குரலைத் தாங்கும் நாடா

காரீ மஹ்மூத் கலீல் அல்-ஹுஸரீ (ரஹ்) அவர்கள் ஓதிய முழுக் குர்ஆன் 1961ஆம் ஆண்டு எகிப்தில் ஒலித்தட்டுகளாக வெளிவந்தது. ஒலிப்பதிவாக வெளியான முதல் முழுக் குர்ஆன் அதுவே. லபீப் அஸ்ஸயீத் என்னும் அறிஞர் 1959இல் முன்மொழிந்த திட்டம் அது. ஏட்டில் தொகுக்கப்பட்ட மறை, ஓதும் முறையோடு ஒலியிலும் தொகுக்கப்பட வேண்டும் என்பது அவர் கருத்து. அந்தக் குரலின் இனிமையைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். குரலைத் தாங்கும் பொருளைப் பற்றிப் பேசியது குறைவு.

பழைய 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் மூன்று, நான்கு நிமிடங்களே கொள்ளும். ஓரிடத்தில் நா பிறழ்ந்தால் அந்தப் பக்கம் முழுவதையும் மீண்டும் பதிய வேண்டும். காந்த நாடா வந்த பின்னரோ பிழையான இடத்தைப் பிளேடால் வெட்டி நீக்கி ஒட்டிவிட முடிந்தது.

இந்த நாடாவின் பிறப்பு விந்தையானது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் சிகரெட் தாள்களின் முனைக்குப் பொன்னிறப் பட்டை பூசும் முறையை வகுத்தவர் ஃபிரிட்ஸ் ஃப்ளாய்மர். அதே கைப்பழக்கத்தால் 1928இல் காகிதப் பட்டையின்மேல் இரும்புத் தூளைப் பூசினார். காகிதம் எளிதில் கிழிந்தது. பிஏஎஸ்எஃப் நிறுவனம் அசிடேட் நாடாவை உருவாக்க, அதில் இயங்கும் மேக்னட்டோஃபோன் கருவி 1935இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் காட்டப்பட்டது. போர் முடிந்ததும் ஜாக் மல்லின் என்ற அமெரிக்கப் படைவீரர் இரண்டு கருவிகளையும் 50 சுருள் நாடாவையும் தாயகம் கொண்டு சென்றார். அந்த 50 சுருள்களைத்தான் வெட்டியும் ஒட்டியும் திரும்பத் திரும்பப் பயன்படுத்தினர். வெற்று நாடா அன்று அவ்வளவு அரிய பொருள்!

பின்னர் நாடா மலிந்தது, தேர்வு கடினமாயிற்று. ஏழு அங்குல ஸ்பூலில் சுமார் 50 மைக்ரான் தடிமனுள்ள நாடா 1200 அடி கொள்ளும். வினாடிக்கு 19 சென்டிமீட்டர் வேகத்தில் அது 32 நிமிடம் ஓடும். 35 மைக்ரான் நாடாவானால் 1800 அடி. 25 மைக்ரான் ஆனால் 2400 அடி, அதாவது 64 நிமிடம். காசு மிச்சம் என்று மெல்லியதை வாங்கியவர் பலர். அந்தச் சிக்கனம் எனக்கு உடன்பாடன்று. மெல்லிய நாடா எளிதில் நீள்கிறது. ஒரு சுற்றின் காந்தப்பதிவு அடுத்த சுற்றில் படிந்து, சொல் வருமுன்பே அதன் மங்கிய நிழலொலி கேட்கிறது. இசையில் அது மறைந்துபோகும். ஓதலிலோ வக்ஃபு செய்து நிறுத்தும் மௌனத்தில் தெளிவாகக் கேட்டுவிடும். ஆகவேதான் கைதேர்ந்தவர்கள் தடித்த நாடாவையே தேர்ந்தனர். முடிவு வெளிப்புறம் இருக்குமாறு சுற்றியும் வைத்தனர். அப்போது நிழலொலி சொல்லுக்கு முன்னால் ஒலிக்காமல் பின்னால் ஒலித்து அடங்கிவிடும்.

அடிப்பொருளையும் பார்க்க வேண்டும். சுருளை விளக்கொளிக்கு எதிரே பிடித்தால் ஒளி ஊடுருவுவது அசிடேட். அது நீளாது, வெடுக்கென முறியும், ஒட்டிவிடலாம். ஆனால் முதுமையில் காடி நாற்றம் வீசிச் சுருங்கும். ஒளியை மறைப்பது பாலியெஸ்டர்; வலிமை மிக்கது. அதிலும் ஒரு சோதனை வந்தது. 1970களிலும் 80களிலும் உருவான ஆம்பெக்ஸ் 456 போன்ற, பின்புறம் கரிப்பூச்சுள்ள உயர்தர நாடாக்களின் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்தது. விலை உயர்ந்ததே முதலில் கெட்டது! காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றுக்கு இத்தகைய நாடா சற்றும் பொருந்தாது.

இன்று புதிய நாடா வேண்டுவோர்க்குப் பிரான்சின் அவ்ராஞ்ச் நகரிலும், அமெரிக்காவின் பென்சில்வேனியாவிலும் செய்யப்படுபவை கிடைக்கின்றன. "உறை பிரிக்காத பழைய சரக்கு" என்று விற்கப்படுவதை நம்பி வாங்க வேண்டாம். உறைக்குள்ளும் பசை கெடும். உங்கள் பாட்டனாரின் பயானோ கிராஅத்தோ பதிந்த ஸ்பூல் வீட்டில் இருந்தால், அதை உடனே ஓட்டிப் பார்க்காதீர்கள். பிசுபிசுத்த நாடாவை ஓட்டினால் பதிவுப் பூச்சே உரிந்து கருவியில் ஒட்டிக்கொள்ளும். அத்தகைய பாலியெஸ்டர் நாடாவை வல்லுநர்கள் சுமார் 54 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் பல மணி நேரம் உலர்த்திய பின்பே ஓட்டிப் படியெடுக்கின்றனர். அசிடேட் நாடாவுக்கு அந்த வெப்பம் ஆகாது. எனவே விளக்கொளிச் சோதனையை முதலில் செய்துவிடுங்கள்.