செம்பனை டீசலும் அது பிறந்த மண்ணும்

மலேசியாவில் எண்ணெய் நிலையத்திற்கு வரும் லாரி ஓட்டுநர் விலையைப் பார்ப்பார், லிட்டரைப் பார்ப்பார். தொட்டியில் நிரம்பும் டீசலில் ஒரு பங்கு செம்பனைப் பழத்திலிருந்து வந்தது என்பதை அவர் பெரும்பாலும் நினைப்பதில்லை. 2011ஆம் ஆண்டு நாட்டின் மத்தியப் பகுதியில் 5 விழுக்காடாகத் தொடங்கிய இந்தக் கலப்பு, போக்குவரத்து டீசலில் 2019 பிப்ரவரி முதல் 10 விழுக்காடாக உயர்ந்தது.

இதற்குச் சொல்லப்படும் காரணம் எளிமையானது. நிலத்தடியிலிருந்து எடுக்கும் பெட்ரோலியத்தை எரித்தால், பல கோடி ஆண்டுகளாக மண்ணுக்குள் புதைந்து கிடந்த கரி காற்றில் கலக்கிறது. செடியின் எண்ணெயை எரித்தாலோ, அந்தச் செடி வளரும்போது காற்றிலிருந்து இழுத்த கரியமில வாயுவே திரும்பவும் காற்றுக்குப் போகிறது. போட்டதை எடுப்பது போன்ற கணக்கு. ஆகவே பூமி சூடாவது குறையும் என்பது வாதம்.

வாதம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் செம்பனை டீசலின் வரலாற்றைப் புரட்டினால், அது பூமியின் சூட்டைத் தணிக்கப் பிறந்த பிள்ளை அன்று என்பது தெரியும். அதைப் பெற்றதும் வளர்த்ததும் விலைதான். பசுமைப் பெயர் பிற்காலத்தில் வந்து சேர்ந்தது. அந்தப் பெயருக்கு அது தகுதியா என்பதை முடிவு செய்வது வண்டியின் புகைக்குழாய் மட்டுமன்று. அந்த எண்ணெய் விளைந்த நிலமும்தான்.

பாரிசில் ஓடிய கடலை எண்ணெய் இயந்திரம்

1900ஆம் ஆண்டு பாரிசில் நடந்த உலகக் கண்காட்சியில் ஒரு சிறிய டீசல் இயந்திரம் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது. பார்த்தவர்களில் பலருக்கு அது வேறு எண்ணெயில் ஓடுகிறது என்பதே தெரியவில்லை. இந்த இயந்திரத்தைக் கண்டுபிடித்த ருடால்ப் டீசல் 1912இல் இதை நினைவுகூர்ந்தார். ஆப்பிரிக்கக் காலனிகளில் ஏராளமாக விளையும் கடலையை அங்கேயே எரிபொருளாக்கலாம் என்ற எண்ணம் அன்றைய பிரெஞ்சு அரசுக்கு இருந்ததாம். காற்றின் மாசு பற்றி அப்போது யாரும் பேசவில்லை. கையில் இருப்பதைக் கொண்டு இயந்திரத்தை ஓட்ட முடியுமா என்பதே கேள்வி.

தாவர எண்ணெய் கெட்டியானது. அப்படியே ஊற்றினால் நாளடைவில் இயந்திரத்தின் உள்ளே கரி படிந்து அடைத்துக்கொள்ளும். இதற்கு வழி கண்டவர் பெல்ஜியத்தின் பிரசல்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷவான். எண்ணெயைச் சாராயத்துடன் வினைபுரியச் செய்து, கிளிசரினைப் பிரித்தெடுத்துவிட்டால், மிஞ்சுவது டீசலைப் போலவே இளகி ஓடும். 1937இல் அவர் இதற்குக் காப்புரிமை பெற்றார். மறு ஆண்டே பிரசல்ஸ் நகருக்கும் லூவான் நகருக்கும் இடையே ஒரு பயணிகள் பேருந்து இந்த எரிபொருளில் ஓடியது. அதற்குப் பயன்பட்டது செம்பனை எண்ணெய். உலகப் போருக்குப் பின் பெட்ரோலியம் மலிவானதும் அந்தப் பேருந்தை உலகம் மறந்துவிட்டது.

தென்னமரம் தோட்டம்

அப்போது மலாயாவிலும் செம்பனை வேரூன்றியிருந்தது. மேற்கு ஆப்பிரிக்காவின் மரமான அது, 1848இல் நான்கு கன்றுகளாக ஜாவாவின் போகோர் தாவரத் தோட்டத்திற்கு வந்தது. அந்த வழிவந்த விதைகளைக் கொண்டு, 1917இல் சிலாங்கூரில் பத்தாங் பெர்ஜுந்தை அருகே மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை உருவாக்கினார் பிரெஞ்சுக்காரரான ஹென்றி போகோன்னியே. இவர் பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்றவர். பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் அந்தத் தோட்டம்தான் தென்னமரம் தோட்டம்.

ஆயினும் நெடுங்காலம் ரப்பரே ராஜாவாக இருந்தது. 1960இல் மலாயாவில் செம்பனை சுமார் 55,000 ஹெக்டரில் மட்டுமே இருந்தது. செயற்கை ரப்பரின் போட்டியால் ரப்பர் விலை சரிந்தபோது, தோட்டங்கள் பால்மரங்களை வெட்டிச் செம்பனையை நட்டன. தமிழகத்திலிருந்து கங்காணிகள் அழைத்து வந்த தொழிலாளர்கள் காடு வெட்டித் திருத்திய அதே நிலங்களில் பயிர் மாறியது. அவர்களுடைய பிள்ளைகள் உளியை வைத்துவிட்டு, நீண்ட கழியில் கட்டிய அரிவாளைத் தூக்கினார்கள். பெண்கள் உதிரிப் பழம் பொறுக்கினார்கள்.

அந்தக் காலத்தில் மலேசியச் செம்பனையில் காய் பிடிப்பதே ஒரு பாடாக இருந்தது. ஆண் பூவின் மகரந்தத்தை மாவுடன் கலந்து பெண் பூவின்மேல் தூவ, தோட்டங்களில் ஆட்களை வைத்திருந்தார்கள். 1981இல் கெமரூனிலிருந்து ஒரு சிறு வண்டு கொண்டுவரப்பட்டு தோட்டங்களில் விடப்பட்டது. ஆட்கள் செய்த வேலையை அது தானே செய்தது, காய்ப்பும் கூடியது. புதிதாக ஓர் அங்குல நிலம் சேர்க்காமலே எண்ணெய் அதிகமாகக் கிடைத்த நிகழ்வு இது. இதன் பொருள் பின்னால் விளங்கும்.

எண்ணெய் மிஞ்சியபோது வந்த யோசனை

1973இலும் 1979இலும் பெட்ரோலிய விலை பாய்ந்து ஏறியது. இன்னொரு பக்கம் செம்பனை எண்ணெய் உற்பத்தி பெருகி, விலை விழுந்துவிடுமோ என்ற அச்சம் எழுந்தது. மிஞ்சும் எண்ணெயை எரிபொருளாக்கினால் என்ன என்ற யோசனை அப்போதுதான் பிறந்தது. 1979இல் அமைந்த மலேசியச் செம்பனை எண்ணெய் ஆராய்ச்சிக் கழகம் 1982இல் ஆய்வைத் தொடங்கியது. 1985இல் ஆண்டுக்கு 3,000 டன் தயாரிக்கும் சோதனை ஆலை இயங்கியது. 30 மெர்சிடிஸ் பென்ஸ் பேருந்துகளில் இந்த எரிபொருள் நிரப்பப்பட்டு, ஒவ்வொன்றும் 3 லட்சம் கிலோமீட்டர் வரை ஓட்டிப் பார்க்கப்பட்டது. இயந்திரங்கள் தாக்குப்பிடித்தன.

ஆனால் 1986இல் பெட்ரோலியம் பீப்பாய் சுமார் 10 அமெரிக்க வெள்ளிக்கு இறங்கிவிட்டது. மலிவான டீசல் இருக்கும்போது விலை கூடிய செம்பனை டீசலை யார் வாங்குவார்? தொழில்நுட்பம் வென்றது, சந்தை தோற்றது. திட்டம் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் பரணில் கிடந்தது.

2006இல் எழுந்த அலை

பரணிலிருந்து அதை இறக்கியது ஐரோப்பா. கியோத்தோ ஒப்பந்தத்தின்படி வெப்ப வாயுக்களைக் குறைக்க வேண்டிய ஐரோப்பிய நாடுகள், 2010க்குள் போக்குவரத்து எரிபொருளில் 5.75 விழுக்காடு தாவர எரிபொருளாக இருக்க வேண்டும் என்று 2003இல் இலக்கு வைத்தன. பெட்ரோலிய விலையும் மீண்டும் ஏறியது. 2006 மார்ச்சில் மலேசியா தேசிய உயிரி எரிபொருள் கொள்கையை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூலையில் மலேசியாவும் இந்தோனேசியாவும் தலைக்கு 60 லட்சம் டன் எண்ணெயை இதற்கென ஒதுக்குவதாக அறிவித்தன. ஆலை கட்ட 90க்கும் மேற்பட்ட உரிமங்கள் வழங்கப்பட்டன.

கட்டிய கை காயுமுன்னே விலை திரும்பியது. 2008 மார்ச்சில் செம்பனை எண்ணெய் டன் 4,000 ரிங்கிட்டைத் தாண்டியது. மூலப்பொருளே டீசலைவிட விலை கூடிவிட்டதால் பல ஆலைகள் தொடங்காமலே நின்றன. அந்த ஆண்டின் தொடக்கத்தில் கடைகளில் சமையல் எண்ணெய் ஒருவருக்கு ஐந்து கிலோ என்று அளந்து விற்கப்பட்டது. அடுப்புக்கும் வண்டிக்கும் ஒரே எண்ணெய் என்றால் என்ன ஆகும் என்பதைக் குடும்பத் தலைவிகள் அப்போதே உணர்ந்தார்கள்.

நிலம் கேட்ட கணக்கு

அதே 2008இல் இன்னொரு கேள்வியும் வந்தது. அமெரிக்காவின் 'சயின்ஸ்' இதழில் பார்ஜியோன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மழைக்காட்டை அழித்துச் செம்பனை நட்டு அதில் டீசல் எடுத்தால், காடழிப்பில் வெளியான கரியமில வாயுவை ஈடுசெய்ய 86 ஆண்டுகள் ஆகும். அந்தக் காடு, பீட் எனப்படும் மட்கிய சதுப்பு நிலத்தில் இருந்தால் 423 ஆண்டுகள் ஆகும்.

சதுப்பு நிலத்திற்கு ஏன் இத்தனை ஆண்டு? அங்கே ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இலையும் மரமும் நீருக்குள் மக்காமல் அடுக்கடுக்காகக் குவிந்திருக்கும். செம்பனை நட வேண்டுமானால் வாய்க்கால் வெட்டி நீரை வடிக்க வேண்டும். நீர் வடிந்ததும் காற்றுப் பட்டு மண்ணே மெல்ல மெல்லக் கரியமில வாயுவாக மாறும். தீப்பிடித்தால் வாரக்கணக்கில் புகையும். 1997இலும் 2015இலும் மலேசியாவையும் சிங்கப்பூரையும் மூச்சுத் திணற வைத்த புகைமூட்டத்தில் இந்தோனேசியச் சதுப்பு நிலத் தீக்குப் பெரும் பங்கு உண்டு.

"பழைய தோட்டத்து எண்ணெய்க்கு இந்தக் கடன் இல்லையே" என்று கேட்கலாம். நூறாண்டுக்கு முன் திருத்திய ரப்பர் நிலத்தில் விளையும் செம்பனை புதிதாக எந்தக் காட்டையும் அழிக்கவில்லைதான். ஆனாலும் ஒரு சிக்கல் இருக்கிறது. வீட்டில் சமையலுக்கு வைத்த எண்ணெயை விளக்குக்கு ஊற்றிவிட்டால், சமையலுக்கு வேறு எண்ணெய் வாங்கித்தான் ஆக வேண்டும். பழைய தோட்டத்து எண்ணெய் வண்டிக்குப் போனால், உணவுக்கான எண்ணெய் வேறெங்கோ புது நிலத்தில் விளைய வேண்டியிருக்கும். 2018க்குப் பின் ஐரோப்பிய ஒன்றியம் எழுப்பிய வாதம் இதுதான். செம்பனை டீசலை 2030க்குள் தன் பசுமைக் கணக்கிலிருந்து படிப்படியாக நீக்க அது விதி செய்தது. இது பாகுபாடு என்று மலேசியா 2021இல் உலக வாணிப அமைப்பில் வழக்கிட்டது. 2024 மார்ச்சில் வந்த தீர்ப்பு, அத்தகைய விதி செய்யும் உரிமை ஐரோப்பாவுக்கு உண்டு என்றது. அதை நடைமுறைப்படுத்திய விதத்தில் குறைகள் இருப்பதையும் சுட்டியது.

மலேசியாவின் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு ஹெக்டர் செம்பனை ஆண்டுக்குச் சுமார் 4 டன் எண்ணெய் தரும். சோயா அரை டன்கூடத் தராது. செம்பனையை ஒதுக்கிச் சோயாவுக்கு மாறினால் நிலம் இன்னும் பல மடங்கு தேவைப்படும்.

குளத்துக்கு ஒரு மூடி

குறைக்கும் வழி இல்லாமல் இல்லை. செம்பனை ஆலையின் கழிவுநீர் திறந்த குளங்களில் தேக்கப்படுகிறது. அதிலிருந்து கொப்பளிக்கும் மீத்தேன், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைவிட 25 மடங்குக்கு மேல் சூடேற்றக்கூடியது. 2009இல் ஐரோப்பிய ஒன்றியம் வகுத்த அளவுகோலில், சாதாரண ஆலையின் செம்பனை டீசல் மிச்சப்படுத்தும் வெப்ப வாயு 19 விழுக்காடு. குளத்தை மூடி மீத்தேனைப் பிடிக்கும் ஆலைக்கு 56 விழுக்காடு. பழமும் எண்ணெயும் ஒன்றுதான். வேறுபாடு குளத்தின் மேலுள்ள மூடி. மலேசியாவில் புதிய ஆலைகளுக்கு 2014 முதல் இது கட்டாயமாக்கப்பட்டது.

சிங்கப்பூர் வேறு வழியில் நடக்கிறது. துவாஸ் பகுதியில் 2010இல் பெரிய உயிரி டீசல் ஆலையைத் தொடங்கிய பின்லாந்து நிறுவனமான நெஸ்டே, ஆரம்பத்தில் செம்பனை எண்ணெயைப் பெருமளவு பயன்படுத்தியது. பின்னர் 2023 இறுதிக்குள் அதை நிறுத்தி, பொரித்து மிஞ்சிய பழைய எண்ணெய், கொழுப்புக் கழிவு ஆகியவற்றுக்கு மாறுவதாக அறிவித்தது. கழிவுக்குப் புது நிலம் வேண்டாம். ஆனால் எத்தனை கடைகளில் வடை சுட்டாலும் மிஞ்சும் எண்ணெய்க்கு ஓர் அளவு உண்டு. உலகின் எல்லா வண்டிகளுக்கும் அது போதாது.

மிஞ்சுவது நிலமே. 2020இல் மலேசியாவில் செம்பனை 58 லட்சம் ஹெக்டரில் பரவியிருந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 65 லட்சம் ஹெக்டருக்கு மேல் போவதில்லை என்று அரசு வரம்பு வகுத்தது. ஆனால் அந்தப் பரப்பின் முகம் மாறிவிட்டது. தமிழர் உழைத்த சிலாங்கூர்த் தோட்டங்கள் பலவும் வீடமைப்பு மனைகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் ஆகிவிட்டன. லயங்களும் கோயில்களும் தமிழ்ப்பள்ளிகளும் இடம்பெயர்ந்தன. செம்பனையோ சபாவுக்கும் சரவாக்குக்கும் பரவியது. சரவாக்கில் சதுப்பு நிலத்திலும் நடப்பட்டது. கரிக் கடனைக் கட்டி முடிக்கும் தறுவாயில் இருந்த மண்ணில் வீடுகள் எழுந்தன. கடன் தொடங்கும் மண்ணில் கன்றுகள் நடப்பட்டன.

ஆகவே கலப்பு 10 விழுக்காடா 20 விழுக்காடா என்ற எண்ணை மட்டும் வைத்து வெற்றியை அளக்க முடியாது. செம்பனை மரத்தின் பலன் சுமார் 25 ஆண்டுகள். வயதான மரங்களை வெட்டி நல்ல ரகக் கன்றுகளை மறுநடவு செய்தால், அதே நிலத்தில் கூடுதல் எண்ணெய் கிடைக்கும். 1981இல் ஒரு சிறு வண்டு காட்டிய பாடமும் அதுவே. பழைய மண்ணில் விளைச்சலைக் கூட்டி, ஆலைக் குளத்தை மூடி, சதுப்பு நிலத்தைத் தொடாமல் எடுக்கும் டீசல் பூமிக்கு உதவும். இவற்றில் ஒன்று தவறினாலும், லாரியின் புகைக்குழாயில் மிச்சப்படுத்திய வாயு வேறெங்கோ ஒரு வாய்க்கால் கரையிலிருந்து வெளியேறிக்கொண்டிருக்கும்.