அளவு என்னும் அதிகாரம்: கோல்ஃப் மட்டைத் தண்டு பற்றிச் சில குறிப்புகள்

கோல்ஃப் மட்டையின் தண்டை அளந்து வெட்டுவதில் என்ன அரசியல் இருந்துவிடப் போகிறது என்று கேட்கும் தோழர்கள் உண்டு. பணக்காரன் ஆடுற ஆட்டம், அவன் மட்டை எவ்வளவு நீளம் இருந்தா நமக்கென்ன என்பது அவர்கள் வாதம். எனக்கும் அந்த ஆட்டத்தின் மீது மோகம் எதுவும் இல்லை. ஆனால் அளவுகோல் ஒன்று எப்படி உருவாகிறது, உருவான பின் யாருடைய உடலை 'இயல்பு' என்றும் யாருடைய உடலைக் 'குறை' என்றும் பெயரிடுகிறது என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டும் பொருள் எளிதில் கிடைக்காது.

ஸ்காட்லாந்தில் 1457இல் கோல்ஃப் தடை செய்யப்பட்டது. குடிமக்கள் வில்வித்தைப் பயிற்சியை விட்டுவிட்டுப் பந்தடிக்கப் போகிறார்கள் என்பது அரசின் கவலை. வேடிக்கை என்னவென்றால் 1502இல் நான்காம் ஜேம்ஸ் மன்னனே மட்டை வாங்குகிறான், அதுவும் பெர்த் நகரத்து வில் செய்பவனிடம். 1603இல் அரச மட்டைக் கைவினைஞராக நியமிக்கப்பட்ட வில்லியம் மேய்னும் வில் செய்பவர்தான். மரத்தின் நாரறிந்து, எவ்வளவு வளையும் எங்கே முறியும் என்று தெரிந்த கைகளுக்கே இந்த வேலை போய்ச் சேர்ந்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து ஹிக்கரி மரம் வரத் தொடங்கியபின் தண்டு செய்வது தனிக் கலையாயிற்று. இழைப்புளியால் இழைத்து, சுரண்டியால் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, ஆட்டக்காரன் கையில் கொடுத்து வீசிப் பார்க்கச் சொல்லி, மறுபடியும் சுரண்டுவார்கள். நீளம் ஆளிலிருந்து தொடங்கியது. பூக்காரம்மா முழம் போடுகிற மாதிரி, அளவுக்குப் பின்னால் ஒரு கை இருந்தது. இதை வைத்துக் கைவினைப் பொற்காலம் என்று உருகுவதில் எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தச்சன் யாருடைய கைக்கு அளந்தான்? காசு கொடுத்த கனவான்களின் கைக்கு.

எஃகுத் தண்டு வந்ததும் எல்லாம் மாறுகிறது. அமெரிக்காவில் யு.எஸ்.ஜி.ஏ. 1924இலும், பிரிட்டனில் ஆர் அண்ட் ஏ 1929இலும் அதை அனுமதித்தன. மாஷி, நிப்ளிக் என்றெல்லாம் இருந்த மட்டைகளின் பெயர்கள் போய் எண்கள் வந்தன. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் அரை அங்குலம் என்ற படிவரிசை நிலைபெற்றது. இது ஏதோ இயற்கை விதி என்று நினைத்துவிடக் கூடாது. பிரைசன் டிஷாம்போ தன் இரும்பு மட்டைகள் அத்தனையையும் 37.5 அங்குலம் என்ற ஒரே நீளத்தில் வைத்துக்கொண்டு ஆடி, 2020இல் யு.எஸ். ஓபனை வென்றார். ஆலைக்கு வேண்டியிருந்தது ஒரு 'ஸ்டாண்டர்ட்'. நடுத்தர உயரமுள்ள ஆண் உடல் அந்த இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மற்ற உடல்களெல்லாம் அதற்குமேல் அரை அங்குலம் கூட, ஓர் அங்குலம் குறைவு என்று குறிக்கப்படலாயின. பெண்ணுக்கு வழமையாக ஓர் அங்குலம் குறைவு.

வெட்டும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும், ஏன்னா சூட்சுமம் அங்கேதான் இருக்கு. ஆளை நிமிர்ந்து நிற்க வைத்து, கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரைவரை அளப்பார்கள். உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. நெட்டையானவருக்குக் கையும் நீளமாயிருந்தால் அவருக்கு வழக்கமான தண்டே போதும். கிரிப்பின் மூடி ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அங்குலத்தைக் கூட்டும் என்பதைக் கழித்துக்கொண்டு குறி போட வேண்டும். எஃகை பைப் கட்டரால் வெட்டலாம். கிராஃபைட் என்றால் அது நாரை நசுக்கிவிடும்; டேப் சுற்றி, நுண்பல் ஆக்சா பிளேடால்தான் அறுக்க வேண்டும். எந்த முனையில் வெட்டுகிறோம் என்பது அதைவிட முக்கியம். தலைப்பக்க நுனியில் வெட்டினால் தண்டு நன்றாக விறைத்துப்போகும். ஆகவே நீளத்தைக் குறைக்கப் பிடிப்பக்கம்தான் வெட்டுவார்கள்.

அப்படி வெட்டினாலும் விஷயம் முடிவதில்லை. 1920களில் ராபர்ட் ஆடம்ஸ் உருவாக்கிய தராசு ஒன்று, வீசும்போது தலை எவ்வளவு கனமாக உணரப்படும் என்பதை எழுத்தாலும் எண்ணாலும் குறிக்கிறது. அரை அங்குலம் வெட்டினால் அதில் ஏறக்குறைய மூன்று புள்ளி இறங்கும். ஓர் அங்குலம் வெட்டினால் டி2 என்பது சி6 ஆகிவிடும். தலையின் எடை ஒரு கிராம்கூடக் குறைந்திருக்காது, ஆனால் கைக்கு அது இருப்பதே மங்கலாகிவிடும். ஈடுகட்டப் புள்ளிக்குச் சுமார் இரண்டு கிராம் வீதம் தலையில் ஈயப்பட்டை ஒட்டுவார்கள். சிறுவனுக்கு என்று அப்பாவின் மட்டையை அறுத்துக் கொடுத்தால் சிக்கல் வேறு: நீளம் பொருந்தும், எடை பொருந்தாது, தண்டு அவன் வலுவுக்கு வளையாது. பெரியவனின் கருவியைக் கத்தரித்தால் சின்னவனின் கருவி கிடைத்துவிடாது. மையத்துக்காகச் செய்யப்பட்டதைக் கொஞ்சம் குறைத்து விளிம்புக்குக் கொடுக்கும் சலுகைகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு இந்தத் தராசு ஞாபகம் வருகிறது.

குறைப்பதற்கு அட்டவணை போட்டவர்கள் நீட்டுவதற்கு வெகுகாலம் சட்டம் போடவில்லை. 48 அங்குல உச்சவரம்பு 2004இல்தான் வந்தது. மட்டையைக் கிடைத்தளத்தில் கிடத்தி, அடிப்பாகத்தை 60 பாகைச் சாய்தளத்தில் முட்டவைத்து அளக்க வேண்டும் என்பது விதி. 2021இல் ஃபில் மிக்கெல்சன் அந்த வரம்பை ஏறக்குறைய தொடும் 47.9 அங்குல டிரைவரோடு ஆடி பி.ஜி.ஏ. சாம்பியன்ஷிப்பை வென்றார். 2022 முதல், விரும்பும் போட்டிகள் 46 அங்குலம் என்று வரம்பு வைத்துக்கொள்ளலாம் என்றாயிற்று. இதற்கு மிக்கெல்சன் பகிரங்கமாகவே எரிச்சல்பட்டார். அளவு தன்மீது விழும்போதுதான் மையத்துக்கு அது உறைக்கிறது!

ஆட்டத்தின் சுமையைத் தோளில் தூக்கியவர்கள் கேடிகள். அமெரிக்க பி.ஜி.ஏ. 1934 முதல் 1961 வரை வெள்ளையர்க்கு மட்டுமே உறுப்புரிமை என்று விதியே வைத்திருந்தது. அந்த விதியை எதிர்த்து நின்ற சார்லி சிஃபோர்ட் கேடியாகத் தொடங்கியவர். ஸ்பெயினின் பெத்ரேன்யா கிராமத்தில் கேடி வேலை பார்த்த செவெ பாயஸ்தெரோஸ் துருப்பிடித்த 3ஆம் எண் மட்டைத் தலை ஒன்றில் குச்சியைச் செருகிக் கடற்கரையில் பழகியவர், 1979இல் ஓபனை வென்றார். தில்லியில் கேடிக் குடும்பத்திலிருந்து வந்த அலி ஷேர் 1991இல் இந்தியன் ஓபனை வென்றார். தொழில்முறை ஆட்டக்காரராக அதை வென்ற முதல் இந்தியர் அவர். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் கோல்ஃப் மைதானங்கள் உண்டு. அங்கே பை தூக்கியவர்கள் எதை அறுத்து, எதை ஒட்டி, எந்த நீளத்தில் ஆடினார்கள் என்பதைத் தோழர்கள் யாராவது நேரில் போய்க் கேட்டு எழுதினால் நல்லது.