பார்க் ஸ்டேஷன்ல பார்க் எங்கே?

(ஒலிப்பதிவின் திருத்திய எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பெரும்பாலும் அப்படியே விட்டிருக்கிறேன்.)

இந்த வாரம் ஒரு சின்னக் கேள்வியில இருந்து ஆரம்பிக்கலாம்.

தாம்பரத்துல இருந்து பீச் போற மின்சார ரயில்ல எழும்பூர் தாண்டினதும் பார்க் ஸ்டேஷன் வரும். போர்டுல தமிழ்ல "சென்னைப் பூங்கா"ன்னு எழுதியிருக்கும். சென்ட்ரலுக்குப் போறவங்க எல்லாரும் அங்கதான் இறங்குவோம். நான் கோயம்புத்தூர்ல இன்ஜினியரிங் படிச்ச நாலு வருஷமும் மூட்டை முடிச்சோட அங்க இறங்கி, சப்வேல ஓடி ரயிலைப் பிடிச்சிருக்கேன். இங்க பார்க் எங்க இருக்குன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

கேட்டது அண்ணன் பொண்ணு. ஆறு வயசு. போன மாசம் அவளைக் கூட்டிட்டு அங்க இறங்கினேன். சுத்திமுத்தியும் பாத்துட்டு, "சித்தப்பா, பார்க் எங்க? ஊஞ்சல் எங்க?"ன்னா. எதிர்ல ரிப்பன் பில்டிங், பக்கத்துல மெட்ரோ, நடுவுல பூந்தமல்லி நெடுஞ்சாலை, நூறு ஆட்டோ. நான் என்னத்தைக் காட்டுறது? அது வெறும் பேரும்மான்னு சொல்லி ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்துச் சமாளிச்சேன்.

வீட்டுக்கு வந்து பாட்டிகிட்ட கேட்டேன். ஒரே வரியில பதில் வந்துச்சு. "ஏண்டா, உயிர் காலேஜ் இருந்துதே, அதான்டா பார்க்கு."

வெளியூர் நேயர்களுக்காகச் சொல்றேன். பழைய மெட்ராஸ்காரங்க மிருகக்காட்சி சாலையை உயிர் காலேஜ்ன்னும், எழும்பூர் மியூசியத்தைச் செத்த காலேஜ்ன்னும் சொல்வாங்க. ஒண்ணுல மிருகங்கள் உயிரோட இருக்கும், இன்னொண்ணுல பாடம் பண்ணி வெச்சிருக்கும். அந்த உயிர் காலேஜ் இருந்த இடத்துக்குப் பேர் பீப்பிள்ஸ் பார்க், மக்கள் பூங்கா. இன்னைக்கு அதோட கதைதான்.

116 ஏக்கர்

1859ல் சார்லஸ் டிரெவெல்யன் மெட்ராஸ் கவர்னராக வந்தார். அயர்லாந்துப் பஞ்சத்தின்போது நிவாரண வேலையை நிர்வகித்த அதே டிரெவெல்யன்தான். அங்கே அவர் பேர் இன்னைக்கும் நல்ல பேர் கிடையாது. இங்கே அவர் இருந்தது ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல. புதுசா வரப்போற வருமான வரியை எதிர்த்துத் தான் எழுதின குறிப்பைப் பத்திரிகைக்கே கொடுத்துட்டார். 1860லேயே திருப்பி அழைச்சுக்கிட்டாங்க.

அந்தச் சின்ன இடைவெளியில அவர் ஆரம்பிச்சு வெச்ச வேலைகள்ல ஒண்ணு இந்தப் பூங்கா. இன்னைக்கு ஜார்ஜ் டவுன்னு சொல்ற கறுப்பர் நகரம் அப்போ நெரிசல் பிடிச்ச ஊர். நகரத்துல நெருக்கி வாழற சாதாரண ஜனங்களுக்குக் காத்தாட ஒரு இடம் வேணும்ங்கிறது அப்போ உலகத்துக்கே புதுசா வந்த யோசனை. இங்கிலாந்துல பிர்க்கென்ஹெட் பூங்கா பொதுமக்கள் பணத்துல உருவாகித் திறந்தது 1847ல். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கோட முதல் பகுதி திறந்தது 1858ல். அதே சூட்டோட, 1859ல் மெட்ராஸ்.

அளவு 116 ஏக்கர். கணக்குக்குச் சொல்றேன், கதீட்ரல் ரோட்டுல இருக்கிற செம்மொழிப் பூங்கா ஏறக்குறைய 20 ஏக்கர். அந்த மாதிரி கிட்டத்தட்ட ஆறு. உள்ளே 11 குளங்கள், வண்டியில சுத்தி வரப் பாதைகள், பேண்டு வாசிக்க மேடை. 1860களில் மிருகக்காட்சி சாலையும் அங்கே வந்து சேர்ந்தது. அதுக்கு முன்னாடி எட்வர்ட் பால்ஃபர்ங்கிற டாக்டர், மியூசியத்தோட பொறுப்பாளர், 1855ல் மியூசியத்திலேயே உயிருள்ள மிருகங்களை வெச்சுப் பாத்தார். கூட்டம் அலைமோதுச்சு. அந்த மிருகங்கள்தான் பிற்பாடு பார்க்குக்குப் போச்சு.

இது முழுக்க இனிப்பான கதையும் இல்ல. வருஷக் கடைசியில பார்க்ல பெரிய கண்காட்சி நடக்கும், நம்ம தீவுத்திடல் பொருட்காட்சி மாதிரி. 1886 டிசம்பர் 31 அன்னைக்குக் கூட்டம் நிறைஞ்சிருந்த நேரத்துல கொட்டகைகள்ல தீப்பிடிச்சு நூற்றுக்கணக்கானவங்க செத்துப்போனாங்க.

துண்டு துண்டாக

சரி, 116 ஏக்கர் எங்க போச்சு? நான் தேட ஆரம்பிச்சப்போ மனசுல ஒரு வில்லன் இருந்தான். யாரோ ஒரு ஜமீன்தார், யாரோ ஒரு கம்பெனி, ராத்திரியோட ராத்திரியா வேலி போட்டிருப்பாங்கன்னு நினைச்சேன். அப்படி யாரும் கிடைக்கல. கிடைச்சது இதுதான்.

1880களின் கடைசியில நகரத்துக்கு ஒரு டவுன் ஹால் வேணும்னாங்க. விக்டோரியா ராணியோட பொன்விழா நேரம். பார்க் நிலத்துல ஒரு பகுதியை 99 வருஷக் குத்தகைக்குக் கொடுத்தாங்க. ராபர்ட் சிஸம் வரைபடம், நம்பெருமாள் செட்டி கட்டுமானம். வந்தது விக்டோரியா பப்ளிக் ஹால். பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்டது அங்கேதான். மெட்ராஸ் ஜனங்க முதல் முதல்ல சலனப்படம் பாத்ததும் அங்கேதான். யாராவது அதை வேணாம்னு சொல்வாங்களா?

அடுத்து, பிராட்வேல வியாபாரிகள் தெருவை அடைச்சுக்கிட்டு நெரிசல்ல கிடந்தாங்க. அவங்களுக்கு ஒரு நல்ல சந்தை வேணும். 1898ல் அடிக்கல் நாட்டி 1900ல் திறந்தது மூர் மார்க்கெட். மாநகராட்சித் தலைவரா இருந்த ஜார்ஜ் மூர் பேரை வெச்சாங்க. நம்ம அப்பா தலைமுறைக்குப் பழைய புத்தகம்னா மூர் மார்க்கெட்தான்.

அப்புறம் மாநகராட்சிக்கே ஒரு கட்டடம் வேணும். 1909ல் அடிக்கல், 1913ல் ரிப்பன் பில்டிங். ஊரோட முகம்னே சொல்லலாம்.

விளையாட்டுக்கு இடம் வேணாமா? மாநகராட்சி ஸ்டேடியம் வந்துச்சு. 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிரா வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அந்த மைதானத்துலதான். உலக சாதனையா 52 வருஷம் நின்னுச்சு. இன்னைக்கு அந்த இடம் நேரு ஸ்டேடியம்.

1985 மே மாசம் மூர் மார்க்கெட் எரிஞ்சுபோச்சு. அந்த இடத்துல புறநகர் ரயில்களுக்கான ஸ்டேஷன் வந்துச்சு. அதே வருஷம் உயிர் காலேஜ் வண்டலூருக்குப் போச்சு. மிருகங்களைப் பொறுத்தவரை அது நல்ல முடிவுதான். நெரிசல்ல கூண்டுக்குள்ள கிடந்ததுங்களுக்குக் காடு மாதிரி ஒரு இடம் கிடைச்சுது.

இப்போ மறுபடியும் பட்டியலைப் பாருங்க. டவுன் ஹால், சந்தை, மாநகராட்சி, ஸ்டேடியம், ரயில். ஒண்ணாவது அநியாயமா? எல்லாமே ஊருக்காக. எல்லாமே பொது.

எங்க வேலையில ஒரு விஷயம் உண்டு. ஒரு பெரிய புரோகிராம்ல தினமும் யாராவது ஒரு சின்ன மாற்றம் பண்ணுவாங்க. ஒவ்வொண்ணையும் ரெண்டு பேர் பாத்து, சரியா இருக்குன்னு சொன்ன பிறகுதான் உள்ள போகும். ரெண்டு வருஷம் கழிச்சுப் பாத்தா மொத்தமும் சிக்கல் பிடிச்ச நூல்கண்டு. யார் கெடுத்தாங்கன்னு பழைய பதிவுகளைப் புரட்டினா ஒரு தப்பான மாற்றமும் சிக்காது. ஒவ்வொண்ணும் அன்னைக்குச் சரி. மொத்தம் என்ன ஆகுதுன்னு பாக்கத்தான் ஆள் இல்ல. பீப்பிள்ஸ் பார்க் போனதும் அப்படித்தான்.

மிஞ்சினது பேருங்க. பார்க் டவுன், பார்க் ஸ்டேஷன். அரக்கோணம், கும்மிடிப்பூண்டி வண்டிகள் கிளம்புற இடத்துக்கு இன்னும் மூர் மார்க்கெட் காம்ப்ளக்ஸ்னு பேர். தீ விபத்துக்கு அப்புறம் கடைக்காரங்களுக்குக் கட்டிக் கொடுத்த கட்டடத்துக்கு அல்லிக்குளம்னு பேர். அல்லியும் இல்ல, குளமும் இல்ல. நேரு ஸ்டேடியம் பக்கம் மை லேடீஸ் பூங்கான்னு ஒரு சின்னத் துண்டு மட்டும் பழைய பார்க்கோட வாரிசா நிக்குது.

காலி நிலம் யாருக்குச் சொந்தம்?

ஏன் எப்பவும் பூங்காவையே எடுக்கறாங்க? ஏன்னா அங்கே வீடு இல்ல. காலி பண்ணச் சொல்ல ஆள் இல்ல. நஷ்டஈடு கொடுக்க வேண்டியதில்ல. மரத்தடியில படுத்திருக்கிறவர்கிட்ட பட்டா கிடையாது. வரைபடத்துல பாக்கும்போது அது "காலி இடம்". தினமும் சாயங்காலம் அங்கே வர்றவங்களுக்குத்தான் அது காலி இல்லைன்னு தெரியும்.

சட்டம் இல்லாமலும் இல்ல. 1959ல், பீப்பிள்ஸ் பார்க் தொடங்கி சரியா நூறு வருஷம் கழிச்சு, பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்க இங்கே தனிச் சட்டமே வந்துச்சு. உள்ளாட்சி அமைப்பு பூங்காக்களைப் பட்டியல் போடணும். பட்டியல்ல இருக்கிறதை அரசோட முன் அனுமதி இல்லாம வேற காரியத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. நல்ல சட்டம்தான். ஆனா கதவுக்குப் பூட்டு போட்டு, சாவி யார்கிட்ட இருக்குன்னு பாத்தீங்களா? 'நல்ல காரியம்'னு அரசே நினைச்சா கதவு திறந்துடும்.

மெட்ரோவையே எடுத்துக்கோங்க. நான் தினமும் போறேன், எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்காவை 2011ல் மெட்ரோ வேலைக்காக மூடினாங்க. அடியில ஸ்டேஷன் 2017ல் திறந்துச்சு. மேல பூங்கா ஜனங்க கைக்குத் திரும்ப வர பத்து வருஷத்துக்கும் மேல ஆச்சு. திரும்பி வந்ததே பெரிய விஷயம். பழைய மரங்கள் மட்டும் வரல. 2011ல் அஞ்சு வயசா இருந்த குழந்தை அந்தப் பூங்கா இல்லாமலே வளர்ந்து முடிச்சிருக்கும். தியாகராய நகர் பனகல் பார்க்கும் மெட்ரோ வேலைக்குள்ள வந்துச்சு.

என் கையெழுத்து

இந்த எபிசோடை இப்போ பண்றதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு.

எங்க தெரு முனையில ஒரு சின்ன மாநகராட்சிப் பூங்கா. ரெண்டு வேப்பமரம், ஒரு புங்கமரம், ஒரு நடைபாதை, உடைஞ்ச சறுக்குமரம். காலையில சர்க்கரைக்காரங்க நடப்பாங்க, மத்தியானம் டெலிவரி பசங்க வண்டியை நிறுத்திட்டுச் சாப்பிடுவாங்க, சாயங்காலம் பசங்க. போன வருஷம் அதோட ஒரு மூலையில நூலகம் கட்டணும்னு குடியிருப்போர் சங்கத்துல மனு எழுதினாங்க. நான் வரலாறு பேசற ஆள், புத்தகப் பைத்தியம். ரெண்டாவது ஆளா கையெழுத்துப் போட்டேன்.

1898ல் நான் இருந்திருந்தா மூர் மார்க்கெட்டுக்கும் போட்டிருப்பேன். பழைய புத்தகக் கடைங்க வரும்னு தெரிஞ்சா முதல் ஆளா நின்னிருப்பேன். அது புரிஞ்சப்போ கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு.

போன வாரம் சங்கத்துக்கு ஒரு கடிதம் கொடுத்தேன். நூலகம் கண்டிப்பா வேணும், ஆனா பூங்காவுல வேணாம், ரெண்டு தெரு தள்ளிப் பூட்டிக் கிடக்கிற சமூகக்கூடத்தைக் கேக்கலாம்னு. எதிர்வீட்டு மாமா கடிதத்தைப் படிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டினார். "ஏம்ப்பா, படிச்ச பையன், நூலகத்துக்கே எதிர்ப்பா?"

"நூலகத்துக்கு இல்ல மாமா. அந்த மூலைக்குன்னு சொல்றேன்."

"மூலைதானேப்பா? மிச்சம் இருக்குல்ல?"

அவர் நல்ல மனுஷர். 116 ஏக்கர் போனதும் இந்த ஒரு கேள்வியிலதான். என்ன முடிவாகும்னு தெரியல, அடுத்த கூட்டத்துல பேசுவோம்னு இருக்கு.

கடைசியா ஒரு செய்தி. கிண்டி ரேஸ் கோர்ஸ் நிலத்தைத் தமிழ்நாடு அரசு 2024ல் திரும்ப எடுத்துக்கிட்டு, அதுல 118 ஏக்கர்ல பூங்கா அமைக்கப் போறதா சொல்லிச்சு. அது சம்பந்தமா வழக்கும் போட்டாங்க. மழைநீருக்காகக் குளங்களும் வெட்டினாங்க. 118 ஏக்கர், குளங்கள். டிரெவெல்யன் பூங்காவைவிட ரெண்டு ஏக்கர் கூட.

அது அமைஞ்சா சந்தோஷமா ரிப்பன் வெட்டுவாங்க, நாமளும் குழந்தைகளைக் கூட்டிட்டுப் போவோம். ஆனா அதோட வாழ்வு அன்னைக்கு முடிவாகாது. இருபது வருஷம் கழிச்சு யாராவது ஒரு ஆஸ்பத்திரிக்கோ பள்ளிக்கூடத்துக்கோ, ரொம்ப நல்ல காரியத்துக்கு, ஒரே ஒரு மூலை கேப்பாங்க. அன்னைக்கு 'வேற இடம் பாருங்க'ன்னு சொல்ல ஒருத்தர் வேணும். எழுந்து சொல்றவரைப் பாத்து எல்லாரும் முகம் சுளிப்பாங்க. இருந்தாலும் சொல்லணும்.

உங்க தெருப் பூங்காவுல எந்த மூலை போச்சு, எதுக்காகப் போச்சுன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டு எனக்கு எழுதுங்க. அடுத்த வாரம் பாப்போம்.